முதல் சிரட்டைத் தண்ணீர்

"டீச்சர், நான் எத்தனை பேரைக் கூட்டிட்டு வரலாம்?"

கித்தேரி சர்ஃப் பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அடுத்த அலையைப் பிடிக்கப் போய்விட்டாள்.

பரணிதரன் தன் பலகையின் மேல் உட்கார்ந்தபடி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கேள்வியை அவன் கேட்பது முதல் தடவை அல்ல. அவள் இப்படி நழுவிப் போவதும் முதல் தடவை அல்ல.

அலை வந்தது. அவள் எழுந்து நின்றாள். பச்சையாகச் சுருண்டு வந்த தண்ணீரின் ஓரத்திலேயே வெகுதூரம் போய், அலை தணிந்த இடத்தில் பலகையைத் திருப்பி, அவன் இருந்த பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"பாத்தியளா?"

"பாத்தேன்!" என்று அவனும் கத்தினான்.

அது அவர்களுக்குள் வழக்கமாகியிருந்தது. யார் அலையில் போனாலும், போய் முடித்ததும் திரும்பிப் பார்த்துக் கேட்க வேண்டும். மற்றவர் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அந்தக் கடலில் அதைச் சொல்ல அவர்கள் இரண்டு பேரை விட்டால் வேறு நாதி கிடையாது.

*

ஒத்தப்பனைத் தீவுக்குக் கரையிலிருந்து விசைப்படகில் போனாலும் ஒரு முழு ராத்திரி ஆகும். தீவுக்குப் பெயர் கொடுத்த பனைகூட அங்கே துணையில்லாமல்தான் நிற்கிறது.

கொஞ்சம் மீன்பிடிக் குடும்பங்கள், ஒரு சின்ன மாதா கோயில், ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அவ்வளவுதான் ஊர். சுற்றிலும் கடலுக்கடியில் பவளப்பாறை. மீனவர்கள் அதைப் பார் என்பார்கள். தென்காற்று வீசும் மாதங்களில் அந்தப் பாரின் மேல் உடைகிற அலை மாதிரி ஒன்றைப் பரணிதரன் எங்கேயும் பார்த்ததில்லை. அவன் பார்க்காத கடல் கொஞ்சம்தான்.

ஐம்பதைத் தாண்டியவன். வயசு முழுக்கப் பலகையும் கையுமாகத் திரிந்தவன். சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் கஜேந்திரன் என்ற நண்பனோடு கூட்டுச் சேர்ந்து சர்ஃபிங் பள்ளி நடத்தினான். பள்ளி நன்றாக ஓடியது. நன்றாக ஓடினால் என்ன ஆகும்? பக்கத்தில் இன்னொரு பள்ளி வந்தது. அதற்குப் பக்கத்தில் ஓட்டல் வந்தது. ஓட்டலுக்குப் பக்கத்தில் சாக்கடை வந்தது. ஒருநாள் காலை அலைக்குக் காத்திருந்தபோது சுற்றிலும் ஒரே தலைகள். அதில் ஒருவனுக்கும் இவன் பெயர் தெரியவில்லை. தள்ளிப் போ பெருசு என்று ஒரு பொடியன் சொன்னான்.

அன்றைக்கே கஜேந்திரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். அவனுக்கு வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை. கிளம்புவது சுலபமாக இருந்தது. அதுதான் அவனுக்கு வலித்தது.

அலை தேடித் திரிகிற கூட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஒத்தப்பனையில் ஒருத்தி இருக்கிறாள், அலையைப் பற்றி அவளிடம் கற்றுக்கொண்டால் அதற்கப்புறம் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது, ஆனால் லேசில் வாயைத் திறக்க மாட்டாள் என்றார்கள்.

கித்தேரி அவனைவிடப் பத்து வயது இளையவள். சின்ன வயதில் அண்ணன் தொம்மையோடு, உடைந்த வள்ளத்தின் பலகையில் அலை ஏறப் பழகியவள். தொம்மை வெளிநாட்டு வேலைக்குப் போனான். போனவன் அங்கேயே குடும்பமாகிவிட்டான். அதற்குப் பிறகு அவள் தனியாகவே கடலுக்குள் போய்வந்தாள். கோயில் வாசலில் தீவுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் ஊர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டது. பரணிதரனும் அப்படியே கூப்பிட்டான்.

*

அவன் வந்து இறங்கிய நாள் வேடிக்கையானது.

மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பேருக்குத்தான் மழைக்காலம், அந்த வருஷம் மழை கண்ணாமூச்சி காட்டிவிட்டுப் போயிருந்தது. படகுக்காரர் சூசை கரையை ஒட்டிக் கொண்டுவந்தும் நங்கூரம் போடவில்லை. எஞ்சினும் ஓடிக்கொண்டே இருந்தது. ஊர் முழுக்கக் கரையில் நின்றது.

கித்தேரி முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையை நீட்டினாள். சிரட்டை நிறையத் தண்ணீர்.

"குடிங்க."

ஊரே அவன் வாயைப் பார்த்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி குடிக்கிற மாப்பிள்ளை மாதிரி இருந்தது அவனுக்கு.

குடித்தான். கொஞ்சம் உப்புக் கரித்தது.

வந்த இடத்தில், முதன்முதலாகக் கையில் கொடுத்த தண்ணீரை உப்பு என்று யாராவது சொல்வார்களா? நல்ல தாய் வளர்த்த பிள்ளை அவன்.

"இனிக்குதுங்க" என்றான்.

கித்தேரி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு ஊரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"இனிக்குதாம்."

ஊர் மூச்சு விட்டது. யாரோ ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். சூசை நங்கூரத்தைத் தூக்கித் தண்ணீரில் போட்டார்.

விருந்தாளியை இப்படியும் வரவேற்பார்களா என்று பரணிதரனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

*

கடலில் இறங்க அவள் அவனை உடனே விடவில்லை. பனைமரத்தடியில் உட்காரவைத்து அலையைப் பார்க்கச் சொன்னாள். தினமும் பார்த்தான்.

"என்ன பாத்தியள்?"

"அலைதான் டீச்சர்."

"சரி, நாளைக்கும் பாருங்க."

ஒருநாள், "அலை எதுவும் பாக்கல டீச்சர், அலைக்கு நடுவுல கடல் சும்மா இருக்கறதைப் பாத்துட்டிருந்தேன்" என்றான்.

"எறங்குங்க" என்றாள்.

இப்படியாகப் பாடம் நடந்தது. அவள் சொன்னது கொஞ்சம், அவனே யோசித்துக்கொண்டது நிறைய. சீடன் என்று ஆகிவிட்டால் குரு தும்மினாலும் அதில் அர்த்தம் தேடுகிற புத்தி வந்துவிடுகிறது. கித்தேரி நாளெல்லாம் அரைச் சிரட்டை அரைச் சிரட்டையாகத்தான் தண்ணீர் குடித்தாள். இதுவும் ஒரு தவம் போலிருக்கிறது என்று அவனும் அப்படியே குடிக்கத் தொடங்கினான்.

"நீங்க நல்லாக் குடிங்க அண்ணாச்சி" என்று அவள் அதட்டினாள்.

"நீங்க குடிக்கலையே டீச்சர்?"

"எனக்குப் போதும்."

அலை இருந்த நாளெல்லாம் இரண்டு பேரும் கடலில் கிடந்தார்கள். பாத்தியளா, பாத்தேன். பாத்தீங்களா, பாத்தேன். வேறு பேச்சு அதிகம் இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

ஆனால் பொழுது சாய்ந்ததும் அவள் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் தன் ஓலைக் குடிசையில் உட்கார்ந்து கடல் இரைவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். கூட்டத்தில் இருந்தபோது தனிமைக்கு ஏங்கினான். இப்போது தனிமையில் இருந்துகொண்டு, இந்த அலையை நாலு பேருக்குக் காட்டினால் தேவலை என்று தோன்றியது. அவர்களோடு உட்கார்ந்து சோறு தின்னலாம். சிரிக்கலாம். சண்டைகூடப் போடலாம்.

அப்படித்தான் அந்தத் திட்டம் பிறந்தது.

*

திட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஊரைக் கெடுத்த பாவத்தை ஒருமுறை சுமந்தவன், இந்த முறை எல்லாவற்றையும் யோசித்திருந்தான். தென்னோலைக் குடில்கள். சூரிய சக்தியில் எரியும் விளக்கு. பிளாஸ்டிக் ஒன்றுகூட இறங்கக் கூடாது, இறங்கினால் அதே படகில் திரும்பப் போக வேண்டும். பாரின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டாம், மண்ணும் சாம்பலும் போதும். சமையல் ஊர்ப் பெண்கள் கையில். வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், தென்காற்று மாதங்களில் மட்டும்.

தீவில் வெளியாளைத் தங்கவைப்பது கித்தேரியின் சொல்லில்தான் இருந்தது. அவள் சரி என்று சொல்லிவிட்டால் அவன் சாகும்வரை அந்தத் தீவில் இருந்துவிடலாம். சொல்லாவிட்டால் தென்காற்று ஓய்ந்ததும் கிளம்ப வேண்டியதுதான். கிளம்பி எங்கே போவான்?

அதனால் மறுபடியும் கேட்டான். இந்தத் தடவை கரையில், அவள் நழுவ முடியாத இடமாகப் பார்த்து.

"எத்தனை பேர் டீச்சர்? ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வந்தவுக சொல்லுவாக."

அவன் குடிசைக்குப் போய் இதையே யோசித்தான். வந்தவர்கள் சொல்வார்கள். அப்படியென்றால், வந்து தங்கிப்போகிற விருந்தாளிகளிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறாள்! இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இந்தத் தொழிலின் சூட்சுமம் எப்படித் தெரிந்தது என்று வியந்தான்.

மறுநாள் அதைச் சொன்னதும் அவள் வலையைக் கீழே வைத்தாள். எழுந்து, "வாங்க" என்று கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

கிணற்றைச் சுற்றி அவள் வைத்த வாழைகள் நின்றன. அவள் கையை நீட்டினாள்.

"பாருங்க."

அவன் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தான்.

"என்ன தெரியுது?"

"என் முகம் தெரியுது டீச்சர்."

"பொறவு?"

"வானம்."

அவள் பெருமூச்சு விட்டாள். வாழையிலையைத் தடவிக்கொண்டு நின்றாள். இலையின் ஓரமெல்லாம் தீய்ந்தது போலக் கருகியிருந்தது. பூச்சி விழுந்திருக்கும் என்று நினைத்தான் அவன்.

அன்றைக்குச் சாயந்திரம் முழுக்க முகத்தையும் வானத்தையும் பற்றியே யோசித்துத் தனக்கு என்னவோ விளங்கிவிட்டதாக நம்பினான்.

இரண்டாம் நாள் அவளே அவன் குடிசைக்கு வந்தாள். அதுவரை அவள் அங்கே வந்ததில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ஒரு ஆளை வரச் சொல்லுங்க அண்ணாச்சி."

"டீச்சர்?"

"ஒரே ஒரு ஆளு. அவரு வந்து சொல்லட்டும்."

அவள் கண் கலங்கியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். சந்தோஷத்தில் இருந்ததால் அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை.

*

பனைமரம் நிற்கிற மேட்டில் மட்டும் போனுக்குச் சிக்னல் வரும். பரணிதரன் அங்கே நின்று கஜேந்திரனைப் பிடித்தான்.

"பலகையைத் தூக்கிட்டு வாடா. இந்த அலையைப் பாத்தா நீ திரும்பிப் போக மாட்ட."

"வரேன்டா. நீ உயிரோட இருக்கியா, அதைச் சொல்லு முதல்ல."

"ஒரு விஷயம் கேளு. படகு வந்ததும் ஒரு டீச்சரம்மா சிரட்டையில தண்ணி கொடுப்பாங்க. ஊரே பாத்துட்டிருக்கும். குடிச்சுட்டு இனிக்குதுன்னு சொல்லு. உனக்கு வாய் ஜாஸ்தி. வேற எதையும் உளறி வைக்காத."

"தண்ணி எப்படிடா இனிக்கும்?"

"சொல்லுன்னா சொல்லேன்டா. மரியாதை."

கஜேந்திரன் வந்த அன்று காற்று தெற்கிலிருந்து வீசியது. தூரத்தில் அலை வரிசை வரிசையாக உடைந்துகொண்டிருந்தது. மீன்பிடிக்க வள்ளம் இறக்க வேண்டியவர்கள்கூடப் போகாமல் கரையில் நின்றார்கள். கைக்குழந்தைக்காரிகள் எல்லோருக்கும் முன்னால் நின்றார்கள். அவ்வளவு பேர் கூடியும் சத்தமே இல்லை.

சூசை எஞ்சினை நிறுத்தவில்லை. நங்கூரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கித்தேரி தண்ணீரில் இறங்கி நடந்தாள். சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"குடிங்க."

கஜேந்திரன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரட்டையை வாங்கினான். ஒரு வாய் குடித்தான். உதடு கோணியது, கண் சுருங்கியது. துப்பப் போனவன் பரணிதரனைப் பார்த்துவிட்டு மடக்கென்று விழுங்கினான்.

"ஆஹா!" என்றான். "இளநி தோத்தது போங்க! என்னமா இனிக்குது!"

ஊர் மூச்சு விடவில்லை.

கித்தேரி திரும்பிப் பரணிதரனைப் பார்த்தாள். அவன் பரவாயில்லை, ஒப்பேற்றிவிட்டான் என்ற நிம்மதியில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லிக்குடுத்தியளா அண்ணாச்சி?"

"மரியாதைக்குத்தான் டீச்சர். புது ஆள், ஏதாவது தப்பாப் பேசிடக் கூடாதேன்னு."

அவள் மறுபடி கஜேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, கூடப் பொறந்தவரா நெனச்சுக் கேக்கேன். மரியாதையெல்லாம் வேண்டாம். தண்ணி எப்படி இருக்கு?"

கஜேந்திரன் திருதிருவென்று விழித்தான்.

"டேய் பரணி, சொல்லலாமாடா?"

பரணிதரன் கரையில் நின்றவர்களின் முகத்தை அப்போதுதான் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது.

"கடல் தண்ணியைக் கலந்த மாதிரி இருக்கும்மா" என்றான் கஜேந்திரன். "வாயில வைக்க முடியல. இதையா எல்லாரும் குடிக்கிறீங்க?"

கரையில் ஒரு பெண் இடுப்பிலிருந்த குடத்தை மெதுவாக மணலில் இறக்கி வைத்தாள்.

*

"இது என்ன டீச்சர்? சும்மா ஒரு சம்பிரதாயம்தானே?" என்று கேட்டான் பரணிதரன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"நாங்க அன்னாடம் குடிக்கவுக" என்றாள் கித்தேரி. "உப்பு கொஞ்சங் கொஞ்சமா ஏறும். எங்க நாக்குக்குத் தெரியாது. வெளிய இருந்து வாற நாக்குக்குத்தான் தெரியும்."

"தெரிஞ்சா?"

"வந்தவுக அதே படகுல திரும்பிருவாக. ஊருலயும் பாதிப் பேரு கரையில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருவாக. மழை வந்து கிணறு ஊறுற வரைக்கும் வர மாட்டாக. எங்க பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தான்."

கித்தேரி கஜேந்திரன் கையிலிருந்து சிரட்டையை வாங்கிக்கொண்டாள்.

"நான் வந்த அன்னைக்கே கரிச்சுது டீச்சர்."

"தெரியும்."

"நான் இனிக்குதுன்னு சொன்னேனே."

"உங்க வாய்தான சொல்லிச்சு. மூஞ்சி உப்புன்னு சொல்லிச்சு."

"தெரிஞ்சுமா என்னை இறங்க விட்டீங்க?"

அவள் கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தாள்.

"மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும்னுதான் ஊரு இந்தச் சிரட்டையை எங்கிட்ட குடுத்து வச்சிருக்கு. நான் உங்க கையில இருந்த பலகையைப் பாத்துட்டேன் அண்ணாச்சி."

பரணிதரனுக்கு அவள் அரைச் சிரட்டை குடித்தது ஞாபகம் வந்தது. நீங்க நல்லாக் குடிங்க என்று அதட்டியது ஞாபகம் வந்தது. உப்பில் கருகிய வாழையிலையை அவள் தடவிக்கொண்டு நின்றதும், தான் கிணற்றில் தன் முகத்தை ரசித்ததும் ஞாபகம் வந்தது.

கித்தேரி ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"உப்பு" என்றாள்.

யாரும் அசையவில்லை.

"இன்னைக்கு இல்ல. மழை விட்ட அன்னைக்கே உப்பு. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

திட்டுவார்கள் என்று பரணிதரன் நினைத்தான். அவள் அதற்குத் தயாராகத்தான் தலை குனிந்து நின்றாள். குடத்தை இறக்கி வைத்த பெண் அவளை வெறித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

சூசை மட்டும் படகிலிருந்து குரல் கொடுத்தார்.

"பிள்ளை வச்சிருக்கவுக இந்த நடையிலயே ஏறுங்க. மத்தவுகளுக்கு அடுத்த நடை. பேசுறதைப் பொறவு பேசிக்கலாம்."

*

பரணிதரன் குடிசைக்குப் போய்ப் பையை எடுத்தான். பலகையை எடுத்தான். எடுக்க வேறு ஒன்றும் இல்லை.

"டேய், ஒரே ஒரு அலை போயிட்டு வந்துடட்டுமா?" என்று கெஞ்சினான் கஜேந்திரன். "ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துட்டு வந்திருக்கேன்டா."

"ஏறி உக்காரு."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கஜேந்திரன் படகில் ஏறி உட்கார்ந்தான். பொறுப்பாக ஒரு குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

கித்தேரி மறுபடியும் தண்ணீரில் நின்றாள். கையில் சிரட்டை. கிணற்றிலிருந்து புதிதாக இறைத்து வந்திருந்தாள்.

"குடிங்க அண்ணாச்சி."

"எனக்கு எதுக்கு டீச்சர்? ஊருக்கு ஆகும்."

"குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

வாங்கிக் குடித்தான். கஜேந்திரன் துப்பப் போன அதே தண்ணீர். நாக்கில் வைத்து, நிதானமாக, எங்கேயாவது உப்பு இருக்கிறதா என்று தேடித் தேடிக் குடித்தான்.

"எப்படி இருக்கு?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"இனிக்குது டீச்சர்."

இந்தத் தடவை அது பொய் இல்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதிலும் அதுதான் எழுதியிருந்தது.

"அப்ப நீங்களும் இந்த ஊருக்காரராயிட்டியள்" என்றாள்.

"அப்ப நான் இருக்கக் கூடாதா டீச்சர்?"

"ஊருக்காரங்கதான இப்பப் போகணும்."

"நீங்க?"

"கிணத்தைப் பாத்துக்க ஒராளு வேணும். மாத்திச் சொன்னவளே இருக்கேன்."

அவன் படகில் ஏறினான். அவள் சிரட்டையைக் கவிழ்த்துப் பிடித்து, மிச்சமிருந்த சொட்டைக் கடலில் விட்டாள்.

"அங்க போயி அங்க உள்ள தண்ணியைக் குடிங்க. இந்த ருசி உங்க நாக்குக்குச் சுத்தமா மறந்து போகணும்."

"மறந்தா?"

"மறந்ததும் வாங்க. வந்து உள்ளதைச் சொல்லுங்க."

*

பாருக்கு நடுவில் படகு போகிற வழி ஒன்று உண்டு. அலை உடைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது போகும். சூசை அந்த வழியில் படகை மெதுவாக ஓட்டினார். குழந்தைகள் அழுதன. தாய்மார் யாரும் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பரணிதரன் பார்த்தான்.

கரையில் அவளைக் காணவில்லை. பலகையில் குப்புறப் படுத்து அவள் கடலுக்குள் வந்துகொண்டிருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் தினமும் காத்திருக்கும் இடத்துக்கு வந்து எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு அலைகளைப் போக விட்டாள். மூன்றாவதாக வந்தது பெரியது.

எழுந்து நின்றாள். அந்தப் பருவத்தில் அவன் பார்த்த எல்லா அலையிலும் அதுதான் நீளம். கஜேந்திரன் மடியிலிருந்த குழந்தையை மறந்து வாயைப் பிளந்தான்.

அலை தணிந்தது. அவள் பலகையைத் திருப்பினாள். பழக்கத்தில், அவன் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்த்து வாயைத் திறந்தாள்.

அங்கே தண்ணீர்தான் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பரணிதரன் ஆடுகிற படகில் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

"பாத்தேன்!"

எஞ்சின் இரைச்சலில் பக்கத்திலிருந்த கஜேந்திரனுக்கே அது கேட்கவில்லை. அவள் திரும்பவில்லை.

சூசை குனிந்து எஞ்சினை நிறுத்தினார்.

"இப்பச் சொல்லுங்க" என்றார்.